சம்பள உச்சவரம்பு 32 அணிக்கும் ஒன்றே, செலவு மட்டும் ஏன் ஒன்றாக இல்லை?

1. சிவப்பும்தங்கமும்

மார்ச் மாதத்திலிருந்து அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்தை இங்கே கேட்டுவிடுகிறேன். நான் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் சான் பிரான்சிஸ்கோ நைனர்ஸ் அணியின் ரசிகன். 2025 மார்ச்சில் எங்கள் அணியிலிருந்து ஆட்கள் கிளம்பியதைப் பார்த்தால் வீடு காலி செய்வது போல இருந்தது. டீபோ சாமுவேலை வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டு புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் ஐந்தாம் சுற்று டிராஃப்ட் உரிமை ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். சார்வேரியஸ் வார்டு இண்டியானாபொலிஸ் போய்விட்டார். ஏரன் பேங்க்ஸ் கிரீன் பே. டலனோவா ஹுஃபங்காவும் டிரே கிரீன்லாவும் டென்வர்.

என் கேள்வி இந்த டென்வரைப் பற்றித்தான். ரஸல் வில்சனை விடுவித்ததற்காக ஏறக்குறைய 8.5 கோடி டாலர் டெட் மணியை, அதாவது அணியை விட்டுப் போனவர் பெயரில் கணக்கில் நிற்கும் பணத்தை, சுமக்கும் அணி அது. 2024 கணக்கில் சுமார் 5.3 கோடி, 2025 கணக்கில் 3.2 கோடி. அதுவரை என்எஃப்எல் வரலாற்றிலேயே ஓர் ஆளுக்காக எந்த அணியும் இவ்வளவு சுமந்ததில்லை. 2025க்கான சம்பள உச்சவரம்பு (கேப்) 27.92 கோடி டாலர், எல்லா அணிக்கும் அதே எண். அப்படியிருக்க, அதில் 3.2 கோடியை அணியிலேயே இல்லாத ஒருவருக்கு எழுதி வைத்திருப்பவர்கள் எங்கள் ஆட்களை வாங்குகிறார்கள். நாங்கள் கைகட்டி நிற்கிறோம். இது எப்படி நடக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

2. முதல்டவுன்

நானும் இதைக் கேட்க நினைத்தேன். ஆட்டம் பார்க்கத் தொடங்கி இரண்டு சீசன்தான் ஆகிறது. "கேப் என்பதே பொய், எல்லாம் கண்கட்டு வித்தை" என்று பலர் எழுதுகிறார்கள். 2021இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் வரம்பைவிடச் சுமார் 10 கோடி டாலர் அதிகத்தில் இருந்ததாம். கெடு நாளுக்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டதாம். அப்படிச் செய்ய முடியுமென்றால் வரம்பு எதற்கு?

3. கணக்குப்பிள்ளை

பொய் இல்லை நண்பரே. ஆனால் அது அளப்பது வேறு. கையிலிருந்து எவ்வளவு பணம் போகிறது என்பதை அந்த வரம்பு நேரடியாக அளப்பதில்லை. போன பணத்தை எந்த வருடத்தில் எழுதுகிறார்கள் என்பதைத்தான் அளக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஓர் ஆட்டக்காரருக்கு இந்த வருடச் சம்பளம் 2.1 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே விட்டால் 2.1 கோடியும் இந்த வருடக் கணக்கில் ஏறும். அணி என்ன செய்கிறது? அவருடைய சம்பளத்தை 10 லட்சமாகக் குறைத்து, மீதி 2 கோடியை போனஸாக மாற்றித் தருகிறது. ஆட்டக்காரருக்கு ஒரு பைசா குறையவில்லை. வாராவாரம் வரவேண்டிய பணம் முன்கூட்டியே மொத்தமாக வருகிறது, அவ்வளவுதான். அவருக்குச் சந்தோஷம். ஆனால் போனஸ் பணத்தை ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் வருடங்களுக்குப் பிரித்து எழுதலாம், அதிகபட்சம் ஐந்து வருடம். 2 கோடியை ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 40 லட்சம். ஆக இந்த வருடக் கணக்கு 10 லட்சமும் 40 லட்சமும் சேர்ந்து 50 லட்சம். 2.1 கோடி இருந்த இடத்தில் 50 லட்சம். ஒரே கையெழுத்தில் 1.6 கோடிக்கு இடம் பிறந்துவிட்டது. ரீஸ்ட்ரக்சர் என்று செய்தியில் வருவது பெரும்பாலும் இதுதான்.

ஒப்பந்தத்தில் ஐந்து வருடம் மீதமில்லை என்றால்? யாரும் ஆடப்போவதில்லை என்று இரு தரப்புக்கும் தெரிந்த வெற்று வருடங்களைக் கடைசியில் ஒட்டவைப்பார்கள். வாய்ட் இயர் என்பது அதற்குப் பெயர். வகுப்பதற்கு எண் வேண்டும், அதற்காக மட்டும் இருக்கும் வருடங்கள்.

இப்போது அந்த 1.6 கோடி எங்கே? எங்கும் போகவில்லை. அடுத்த நான்கு வருடங்களில் 40 லட்சம் 40 லட்சமாக உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆட்டக்காரரை அடுத்த வருடம் விடுவித்தாலோ வேறு அணிக்குக் கொடுத்தாலோ 1.6 கோடியும் ஒரே நாளில் கணக்கில் வந்து விழும். அதுதான் டெட் மணி. ஜூன் 1க்குப் பிந்தைய விடுவிப்பு என்று குறித்துவிட்டால் அந்த வருடம் 40 லட்சம், அதற்கடுத்த வருடம் 1.2 கோடி என்று இரண்டாக உடைக்கலாம். வில்சன் கணக்கு 2024, 2025 என்று இரண்டு வருடத்தில் வருவது அதனால்தான்.

செயின்ட்ஸ் 2021இல் செய்ததும் இதையே, ஏறக்குறைய அணி முழுவதற்கும். அவர்களுக்கு அந்த வருடம் இன்னொரு அடியும் விழுந்தது. கோவிட் காலத்தில் அரங்குகள் காலியாகி வருமானம் குறைந்ததால் வரம்பே 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கியது. வரம்பு வருடாவருடம் ஏறும் என்று நம்பிப் பின்னால் தள்ளி வைத்த கணக்கு, அது இறங்கிய வருடத்தில் கழுத்தைப் பிடித்தது.

4. லைன்பேக்கர்54

செயின்ட்ஸ் "சரிசெய்துவிட்டது" என்று சொல்பவர்கள் அதற்கு அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய குவாட்டர்பேக் (ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர்) டிரூ பிரீஸ் ஓய்வு பெற்றது 2021 மார்ச். அந்த சீசனிலிருந்து 2024 சீசன் வரை நான்கு முறையும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃப் போகவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் அதே தள்ளிப்போடல். வயதான ஆட்டக்காரர்களை விடவும் முடியாது, விட்டால் டெட் மணி. வைத்திருக்கவும் முடியாது, வைத்திருந்தால் இன்னொரு ரீஸ்ட்ரக்சர். இடிக்க வேண்டிய வீட்டுக்கு வருடாவருடம் வெள்ளையடித்த கதை.

5. கழுகுக்கூடு

அப்படியானால் ஃபிலடெல்ஃபியாவை எங்கே வைப்பீர்கள்? வெற்று வருடங்களை எங்கள் ஈகிள்ஸ் அளவுக்குப் பயன்படுத்தும் அணியே இல்லை. எங்கள் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 2023இல் போட்டது ஐந்து வருடம், 25.5 கோடி டாலர். சராசரி வருடத்துக்கு 5.1 கோடி. 2024 கணக்கில் அவர் எடுத்துக்கொண்ட இடமோ சுமார் 1.35 கோடி. அந்த இடைவெளியில்தான் பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங்பேக் சாக்வான் பார்க்லி வந்தார். 2,005 கெஜம் ஓடினார். 2025 பிப்ரவரியில் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் கேன்சஸ் சிட்டியை 40-22 என்று அடித்தோம். ஒரே கருவிதான் இரண்டு அணியிடமும் இருந்தது. ஓர் அணி மூழ்கியது, ஒன்று கோப்பை வாங்கியது.

என் கருத்து இது. எங்கள் பொது மேலாளர் ஹவி ரோஸ்மேன் தள்ளி வைப்பது 25, 26 வயது ஆட்களின் பணத்தை. சந்தை விலை ஏறுவதற்குள் சீக்கிரமே ஒப்பந்தம் போட்டுவிடுகிறார். வரம்பு 2021இல் 18.25 கோடி, 2025இல் 27.92 கோடி. நான்கே வருடத்தில் பாதிக்கு மேல் கூடிவிட்டது. 2021இல் 40 லட்சம் என்பது மொத்தத்தில் 2.2 சதவீதம், இன்று அதே 40 லட்சம் 1.4 சதவீதம். வட்டியில்லாக் கடன், அதுவும் வருடாவருடம் தானாகச் சுருங்கும் கடன். அதை வாங்காமல் இருப்பதுதான் தவறு. ஆனால் 33 வயதுக்காரருக்காக வாங்கினால், கடன் சுருங்குவதற்குள் ஆள் போய்விடுவார்.

6. பச்சைமஞ்சள்

கழுகுக்கூடு சொல்வதில் ஒன்று விட்டுப்போகிறது: முதலாளியின் கையிருப்பு. போனஸாக மாற்றிய 2 கோடியைக் கணக்கில்தான் ஐந்து வருடத்துக்குப் பிரிக்கலாம், ஆட்டக்காரருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. அதோடு, எதிர்கால வருடங்களுக்கு உறுதியளித்த பணத்தில் பெரும்பகுதியை முன்கூட்டியே தனிக் கணக்கில் கட்டி வைக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆக வரம்பு ஒன்றேயானாலும், ரொக்கத்தை இன்றே எடுத்து வைக்க முடிகிற முதலாளிக்கும், அணி வருமானத்தை மட்டும் நம்பி நடத்தும் முதலாளிக்கும் வித்தியாசம் உண்டு. முன்னவர் ஒரு வருடத்தில் வரம்புக்கு மேலேயே ரொக்கம் கொடுக்க முடியும். விதி அதைத் தடுக்கவில்லை.

எங்கள் கிரீன் பே பேக்கர்ஸ் இதில் ஒரு விசித்திரம். தனி முதலாளியே இல்லை, பங்குதாரர்களான ரசிகர்களின் சொத்து. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். கணக்கை வருடாவருடம் வெளியிட வேண்டிய ஒரே அணி என்பதால் லீக்கின் பொதுப் பணம் எவ்வளவு என்று உலகத்துக்குத் தெரிவதே எங்கள் மூலம்தான். 2024இல் வெளியிட்ட கணக்கில் லீக்கிலிருந்து எங்களுக்கு வந்த பங்கு 40 கோடி டாலருக்கு மேல். டாலஸுக்கும் அதே பங்கு, நியூயார்க்குக்கும் அதே பங்கு. டிவி உரிமைப் பணம் சமமாகப் பிரிவதால்தான் உச்சவரம்பும் சமமாக இருக்க முடிகிறது. வரம்பைப் பற்றிப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பங்கீடு இல்லாமல் வரம்பு மட்டும் இருந்தால் எங்கள் ஊர் எப்போதோ அணியை இழந்திருக்கும்.

7. ஆஃப்சைடு

நான் பெரும்பாலும் ஐரோப்பியக் கால்பந்துதான் பார்ப்பேன். நீங்கள் சொல்வதைப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. எங்கள் பக்கம் வரம்பு அந்தந்த கிளப்பின் சொந்த வருமானத்தோடு கட்டப்பட்டது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யுஇஎஃப்ஏவின் விதிப்படி அணிக்கான செலவு வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வருமானம் பெரிதானால் வரம்பும் பெரிது. நஷ்டத்தில் விழாமல் கிளப்புகளைக் காப்பாற்றும் விதி அது, போட்டியைச் சமமாக்கும் விதி அல்ல. மேலே இருப்பவர் மேலேயே இருப்பார்.

சில சமயம் மேலே இருப்பவரையும் அது உடைக்கும். ஸ்பெயினின் லா லிகா பார்சிலோனாவுக்கு 2019-20இல் கொடுத்த வரம்பு 67.1 கோடி யூரோ. 2021-22 சீசன் தொடங்கியபோது அது 9.8 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. மெஸ்ஸியும் கிளப்பும் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்த பிறகும் அவரைப் பதிவு செய்ய வழியில்லாமல் போனது. 2021 ஆகஸ்டில் அவர் அழுதுகொண்டே விடைபெற்றதைப் பார்த்தவர்களுக்குச் சம்பள விதி என்பது வெறும் கணக்கு அல்ல.

கணக்குப்பிள்ளை சொன்ன ஐந்து வருட வகுத்தல் எங்களுக்கும் தெரிந்ததுதான். வாங்கும் விலையை ஒப்பந்த வருடங்களால் வகுத்து எழுதுவார்கள். செல்சி கிளப் என்சோ ஃபெர்னாண்டஸுக்கு எட்டரை வருட ஒப்பந்தம் போட்டது அதனால்தான். அதைப் பார்த்துவிட்டு 2023இல் யுஇஎஃப்ஏவும் ஐந்து வருடம்தான் என்று கட்டிவிட்டது.

ஒரு சந்தேகம். என்எஃப்எல்லில் வரம்பை மீறினால் புள்ளி குறைப்பார்களா? இங்கிலாந்து கிளப் எவர்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளி போனது, மேல்முறையீட்டில் 6 ஆனது.

8. கணக்குப்பிள்ளை

புள்ளிக் குறைப்பு கிடையாது ஆஃப்சைடு. மீறுவதற்கே பெரும்பாலும் விடமாட்டார்கள். ஒவ்வொரு ஒப்பந்தமும் லீக் அலுவலகத்துக்குப் போகும். வரம்பைத் தாண்டினால் அங்கேயே நிற்கும், செல்லாது. இங்கிலாந்தில் சீசன் முடிந்து கணக்குத் தணிக்கை செய்தபின் தண்டிக்கிறார்கள், இங்கே வாசலிலேயே நிறுத்துகிறார்கள்.

மறைவாகக் கொடுத்து மாட்டியவர்கள் உண்டு. டென்வர் 1990களில் ஒப்பந்தத்துக்கு வெளியே தள்ளிவைத்த பணத்துக்காக 2001இலும் 2004இலும் அபராதம் கட்டியது. இரண்டு முறையும் மூன்றாம் சுற்று டிராஃப்ட் உரிமை ஒன்றையும் இழந்தது. நைனர்ஸும் அதே காலத்து மீறலுக்காக 2000இல் தண்டிக்கப்பட்டார்கள். 2010இல் வரம்பே இல்லாத ஒரு வருடம் வந்தது. வாஷிங்டனும் டாலஸும் சுமைகளையெல்லாம் அந்த வருடத்தில் கொட்டிவிட்டன. எழுதப்பட்ட விதி எதுவும் மீறப்படவில்லை. ஆனாலும் 2012இல் லீக் வாஷிங்டனின் வரம்பில் 3.6 கோடியும் டாலஸின் வரம்பில் 1 கோடியும் வெட்டியது. எனக்கு அது இன்றுவரை நியாயமாகப் படவில்லை. வரம்பில்லாத வருடத்தில் வரம்பை மீறியதாக எப்படித் தண்டிக்க முடியும்?

9. பன்னிரண்டாவதுஆள்

சியாட்டில் ரசிகனாக, வில்சன் பெயர் வந்ததால் எழுதுகிறேன்.

2012 டிராஃப்டில் அவரை மூன்றாம் சுற்றில் எடுத்தோம், 75ஆவது ஆளாக. 2013 சீசனில் எங்கள் கணக்கில் அவர் எடுத்துக்கொண்ட இடம் ஏழு லட்சம் டாலருக்கும் குறைவு. குவாட்டர்பேக்குக்கு அவ்வளவு குறைவாகப் போனதால் மீதிப் பணத்தில் என்னென்ன வாங்க முடிந்தது என்று யோசித்துப் பாருங்கள். மைக்கேல் பென்னட், கிளிஃப் ஏவ்ரில் இரண்டு பேரையும் 2013 மார்ச்சில் கொண்டுவந்தோம். சூப்பர் பவுலில் 43-8. எதிரே நின்றது டென்வர்.

அதே டென்வர் 2022இல் டிராஃப்ட் உரிமைகளையும் ஆட்களையும் கொடுத்து அவரை எங்களிடமிருந்து வாங்கியது. ஓர் ஆட்டம் கூட ஆடுவதற்கு முன்பே ஐந்து வருட நீட்டிப்பில் சுமார் 24.5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டது. அந்த நீட்டிப்பு தொடங்க வேண்டியது 2024இல். அதற்குள் விடுவித்துவிட்டார்கள். 2024இல் பிட்ஸ்பர்க் அவருக்குக் கொடுத்தது 12.1 லட்சம், மூத்த வீரருக்கான குறைந்தபட்சச் சம்பளம். மீதியைக் கட்டியது டென்வர்.

ஒரே மனிதர். பத்து வருட இடைவெளியில் லீக்கின் மிக மலிவான நல்ல குவாட்டர்பேக்காகவும் இருந்தார், மிகப் பெரிய டெட் மணியாகவும் ஆனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முதல் மூன்று வருடம் அவர் செய்த வேலைக்கு அவருக்குக் கிடைத்தது ஒன்றுமேயில்லை. நாங்கள்தான் அனுபவித்தோம்.

10. முதல்டவுன்

புதியவருக்குச் சம்பளம் ஏன் அவ்வளவு குறைவு? நன்றாக ஆடினால் உடனே கூட்டிக் கேட்க முடியாதா?

11. லைன்பேக்கர்54

முடியாது தம்பி. முதல் மூன்று சீசன் முடியும் வரை புது ஒப்பந்தம் பேசவே கூடாது என்பது விதி. 2011 தொழிலாளர் ஒப்பந்தத்தில் வந்தது. அதற்கு முன் நிலைமை தலைகீழ். 2010இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டு ஒரு ஆட்டமும் ஆடாமல் ஆறு வருடம், 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உறுதி என்று கையெழுத்திட்டார். அடுத்த வருடமே முதல் ஆளாக வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு வருடம், 2.2 கோடி. ஒரு வருடத்தில் அப்படிச் சரிந்தது. புதியவர்களிடமிருந்து எடுத்ததை அனுபவமுள்ள ஆட்டக்காரர்களுக்குத் தருவோம் என்பதுதான் அன்று சொல்லப்பட்ட காரணம்.

12. கணக்குப்பிள்ளை

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். டென்வர் எப்படி வாங்கியது?

அவர்களுடைய குவாட்டர்பேக் போ நிக்ஸ். 2024இல் 12ஆவது ஆளாக எடுத்தார்கள். நான்கு வருடத்துக்கு மொத்தமே 1.86 கோடி டாலர், வருடச் சராசரி 50 லட்சத்துக்கும் குறைவு. 2025இல் வில்சனின் 3.2 கோடி டெட் மணியோடு நிக்ஸையும் கூட்டுங்கள். 3.7 கோடி அளவில் நிற்கும். டாலஸின் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட் 2024இல் போட்ட ஒப்பந்தம் வருடத்துக்கு 6 கோடி சராசரி. நைனர்ஸ் குவாட்டர்பேக் பிராக் பர்டி 2025 மே மாதம் போட்டது ஐந்து வருடம், 26.5 கோடி, சராசரி 5.3 கோடி. அதாவது அணியிலேயே இல்லாத ஒரு குவாட்டர்பேக்குக்கும் ஆடுகிற ஒரு குவாட்டர்பேக்குக்கும் சேர்த்துக் கொடுத்தும், நட்சத்திரம் ஒருவரின் சராசரியைவிட டென்வருக்குச் செலவு குறைவு. 5.3 கோடி டெட் மணி இருந்த 2024இலேயே 10 வெற்றி, 7 தோல்வி என்று பிளேஆஃப் போனார்கள்.

நைனர்ஸ் இதே சலுகையை மூன்று வருடம் அனுபவித்தார்கள். பர்டி 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262ஆவது. 2023இல் அவர் சம்பளம் 8.7 லட்சம். அந்த வருடம்தான் நிக் போசாவுக்கு 17 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். டிரென்ட் வில்லியம்ஸ், மெக்காஃப்ரி, கிட்டில், வார்னர் என்று வரிசையாக எல்லாருக்கும் பெரிய சம்பளம் கொடுத்து ஒரே அணியில் வைத்திருக்க முடிந்தது. சூப்பர் பவுல் வரை போய், கூடுதல் நேரத்தில் 25-22 என்று தோற்றார்கள்.

13. சிவப்பும்தங்கமும்

அந்தத் தோல்வியை ஏன் ஞாபகப்படுத்துகிறீர்கள். கிரீன்லா அன்று மைதானத்துக்குள் ஓடி வரும்போதே குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார். யாரும் அவரைத் தொடக்கூட இல்லை. இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கணக்கு புரிகிறது, நன்றி. ஆனால் ஒரு சின்னச் சந்தேகம். பர்டி கையெழுத்திட்டது மே மாதம். ஆட்கள் போனது மார்ச்சில். அவருடைய 5.3 கோடி அதற்கு எப்படிக் காரணமாகும்? ஹர்ட்ஸ் போல அவருக்கும் முதல் வருடக் கணக்கைச் சிறியதாகத்தானே வைத்திருப்பார்கள்?

14. கணக்குப்பிள்ளை

சரியான கேள்வி, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். சராசரியும் அந்த வருடக் கணக்கும் ஒன்றல்ல. பர்டியின் 2025 கணக்கு சிறியதுதான். இரண்டு காரணங்களைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்று, பழைய தள்ளிவைப்பு. டீபோவின் ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதியதால், அவரை வாஷிங்டனுக்குக் கொடுத்த அன்றே மூன்று கோடி டாலருக்கு மேல் டெட் மணி விழுந்தது. டென்வருக்கு வில்சன் கொடுத்த வலியை இந்த வருடம் உங்களுக்கு டீபோ ஒருவரே ஏறக்குறைய கொடுத்துவிட்டார். இன்னொன்று, வரப்போகும் செலவு. 2026, 2027இல் பர்டியின் எண் ஏறும் என்று மார்ச்சிலேயே தெரியும். ஹுஃபங்காவுக்கு மூன்று வருட ஒப்பந்தம் போட்டால் அவருடைய பெரிய எண்களும் அதே வருடங்களில் வந்து மோதும். அதனால் இடம் இருந்தாலும் கை வராது. ஓர் அணி இன்று செய்யும் செலவை இரண்டு வருடம் கழித்து வரப்போகும் எண் தீர்மானிக்கிறது.

15. லைன்பேக்கர்54

எனக்கு இதில் மனம் ஆறாத இடம் ஒன்று இருக்கிறது. நைனர்ஸ் வரிசையில் போனவர்களைப் பாருங்கள்: சேஃப்டி, லைன்பேக்கர், கார்னர்பேக், கார்டு என்ற இடங்களில் ஆடியவர்கள். நல்ல ஆட்டக்காரர்கள், ஆனால் போஸ்டரில் இருப்பவர்கள் இல்லை. உச்சவரம்பு முதலில் கை வைப்பது எப்போதும் இந்த நடு வரிசையில்தான்.

ஒரு பக்கம் குவாட்டர்பேக் பங்கு வீங்கிக்கொண்டே போகிறது. வரம்பு வந்த முதல் வருடமான 1994இல் மொத்த வரம்பே 3.46 கோடி டாலர். அந்த சீசனில் கோப்பை வாங்கிய ஸ்டீவ் யங் அணிக் கணக்கில் எடுத்தது 13.1 சதவீதம். அதைவிட அதிகப் பங்கு எடுத்த குவாட்டர்பேக் யாரும் அடுத்த 27 வருடம் கோப்பை வாங்கவில்லை. 2022இல் கேன்சஸ் சிட்டியின் மஹோம்ஸ் 17.2 சதவீதத்தோடு வாங்கினார். அந்த வருடம்தான் நட்சத்திர ஆட்டக்காரர் டைரீக் ஹில்லை மயாமிக்கு அனுப்பினார்கள். இன்னொரு பக்கம் புதியவர்கள் மலிவு. 2024இல் புதியவரின் குறைந்தபட்சம் 7.95 லட்சம், ஏழு சீசன் கண்டவரின் குறைந்தபட்சம் 12.1 லட்சம். மேலே இருப்பவர் அதிகம் எடுத்தபின் மீதியை வைத்து 53 பேர் கொண்ட அணியை நிரப்ப வேண்டும். யாரை எடுப்பார்கள்? 22 வயதுக்காரரைத்தான். வருடம் 40 லட்சம் கேட்கும் 29 வயது கார்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அவர் நன்றாக ஆடினாலும்.

2011இல் புதியவர்களிடமிருந்து எடுத்த பணம் அனுபவமுள்ளவர்களுக்கு வரும் என்றார்கள். வந்தது. ஆனால் அது உச்சியில் இருக்கும் சிலருக்கு.

16. கழுகுக்கூடு

குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு திருத்தம். மூத்தவரை ஒரு வருடத்துக்குக் குறைந்தபட்சத்தில் எடுத்தால், அவர் பெறுவது 12.1 லட்சமானாலும் அணிக் கணக்கில் இரண்டு சீசன் ஆடியவரின் எண்தான் ஏறும். 2024இல் அது 9.85 லட்சம். வயதுக்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றே ஆட்டக்காரர் சங்கம் கேட்டு வாங்கிய விதி.

17. லைன்பேக்கர்54

தெரியும். ஆனால் அந்த விதி காப்பது அடிமட்டத்தை. 30, 40, 50 லட்சம் வாங்கவேண்டியவர் குறைந்தபட்சத்துக்கு இறங்கி வந்தால்தான் அந்தச் சலுகை. இறங்கு என்று சொல்லும் ஏணிக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

ரன்னிங்பேக்குகள் கதை இன்னும் மோசம். புதியவர் ஒப்பந்தம் முடிவதற்குள் உடம்பில் பாதி தேய்ந்துவிடும். அதன்பின் ஆளைப் போகவிடாமல் ஒரு வருடத்துக்குக் கட்டி வைக்கும் ஃபிரான்சைஸ் டேக். 2023இல் பார்க்லி, ஜோஷ் ஜேக்கப்ஸ், டோனி போலார்டு மூன்று பேருக்கும் 1.0091 கோடி என்ற ஒரே எண். நீண்ட ஒப்பந்தம் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. கழுகுக்கூடு பெருமையாகச் சொன்ன பார்க்லி, நியூயார்க் ஜயன்ட்ஸ் போகவிட்டவர்தான்.

18. பச்சைமஞ்சள்

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் வரம்பை நீக்கினால் நடு வரிசை பிழைக்குமா என்று எனக்குச் சந்தேகம். இது ஆட்டக்காரர்கள் மீது மேலிருந்து திணித்தது அல்ல. 1992இல் நீதிமன்றத்தில் முதலாளிகள் தோற்றார்கள். 1993இல் சுதந்திரமாக அணி மாறும் உரிமை வந்தது, அதற்கு விலையாக 1994இல் உச்சவரம்பு வந்தது. அந்த வழக்குகளில் ஒன்றுக்குப் பெயர் கொடுத்த ரெஜி வைட், உரிமை கிடைத்ததும் எந்தப் பெரிய நகரத்துக்கும் போகவில்லை, எங்கள் சின்ன ஊருக்கு வந்தார்.

வரம்போடு தரையும் உண்டு. மூன்று வருடக் கணக்கில் வரம்பின் 90 சதவீதத்தையாவது ஒவ்வொரு அணியும் ரொக்கமாகச் செலவழித்திருக்க வேண்டும். மொத்த வருமானத்தில் குறைந்தது 48 சதவீதம் ஆட்டக்காரர்களுக்கு. அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதில்தான் சண்டை. அது முதலாளிக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவில் நடக்கும் சண்டை மட்டும் இல்லை. ஆட்டக்காரருக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவில் நடப்பது.

19. லைன்பேக்கர்54

அதை ஒப்புக்கொள்கிறேன். சங்கத்தில் ஓட்டுப் போடுபவர்களில் பெரும்பாலோர் இந்த நடுவும் கீழும்தான் என்பதால் இன்னும் வலிக்கிறது. தனி ஆட்டக்காரர் ஒருவர் வரம்பில் இத்தனை சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வைத்தால் என்ன? அமெரிக்கக் கூடைப்பந்தில் இருக்கிறது.

20. பன்னிரண்டாவதுஆள்

வைக்கலாம். ஆனால் அப்படி வைத்தால் மஹோம்ஸ் வைத்திருக்கும் அணிக்கு அவர் மலிவாகிவிடுவார். சிறந்த குவாட்டர்பேக் இருக்கும் அணியை அசைக்கவே முடியாது. இப்போது அந்த 17 சதவீதம்தான் அவர்களைக் கொஞ்சமாவது கீழே இழுக்கிறது. எனக்கு அது பிடிக்காது.

21. ஆஃப்சைடு

இதே காரணத்துக்காகத்தான் எங்கள் பக்கம் ரியல் மாட்ரிட்டை யாரும் அசைக்க முடிவதில்லை. தலைக்கு வரம்பும் இல்லை, சம வரம்பும் இல்லை.

22. முதல்டவுன்

எல்லாருக்கும் நன்றி. கேப் பொய் என்று இனி எழுத மாட்டேன். கடைசியாக ஒன்று: டென்வருக்கு இந்தச் சலுகை எவ்வளவு நாள்?

23. கணக்குப்பிள்ளை

வில்சன் கணக்கு 2025 சீசனோடு தீர்கிறது. 2026இல் டெட் மணி இல்லாமல், நிக்ஸும் மலிவாக இருக்கும் ஒரு வருடம் அவர்களுக்கு முழுசாகக் கிடைக்கும். நிக்ஸுக்கு மூன்று சீசன் முடிவது 2026இல். 2027 தொடக்கத்தில் அவருடைய முகவர் பேச வரலாம். முதல் சுற்று ஆள் என்பதால் ஐந்தாவது வருட உரிமையும் அணியிடம் இருக்கிறது, வேண்டுமானால் இழுக்கலாம்.

24. சிவப்பும்தங்கமும்

அப்படியானால் ஹுஃபங்காவும் கிரீன்லாவும் 2025இல் போட்ட மூன்று வருட ஒப்பந்தம் 2027 வரைக்கானது. அதன் கடைசி வருடமும் நிக்ஸின் பேச்சுவார்த்தையும் ஒரே வசந்தத்தில் வருகிறது. அன்று யாரை விடுவிப்பார்கள் என்று பார்க்க இந்த இழைக்குத் திரும்பி வருவேன். கிரீன்லாவாக இருக்கக் கூடாது.